காரியம் முடிந்த வீட்டில் மிச்சமிருந்த மாத்திரைகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமம். பாலிடெக்னிக்கில் முதலாம் ஆண்டு படிக்கும் 17 வயதுப் பையன் ஒருநாள் காலையில் எழுப்பியும் எழவில்லை. மதுரைக்குக் கொண்டுவந்து, மூச்சைத் திரும்பவைத்து, பிழைக்கவைத்தார்கள். அவன் உடம்பில் இருந்தவை இரண்டு மருந்துகள்: கடும் வலிக்குக் கொடுக்கும் மார்பின், பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் அல்பிரசோலம். இரண்டையும் அவன் எந்தக் கடையிலும் வாங்கவில்லை, யாரிடமும் காசு கொடுக்கவில்லை. நான்கு மாதத்துக்கு முன் புற்றுநோயில் இறந்துபோன அவன் தாத்தாவுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்து, சீட்டு காட்டி வாங்கி, வேளை தவறாமல் கொடுத்த மாத்திரைகளின் மிச்சம் அவை.

மனநல சமூகப் பணியாளராக இந்தக் குடும்பத்தைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை விட்டுவிட்டேன். பையனைத் ‘தம்பி’ என்றே குறிப்பிடுகிறேன்.

போதை மாத்திரை என்றதும் நம் பக்கத்தில் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது போலீஸ் பிடித்த செய்திதான். பெட்டி பெட்டியாக மாத்திரை, கூரியரில் வந்த பார்சல், கைதானவர்கள் வரிசையாக நிற்கும் படம். அந்த வழியும் இருக்கிறது, அடைக்கத்தான் வேண்டும். ஆனால் வீட்டுச் சுவரில் தொங்கும் பையிலிருந்து கைக்கு வரும் மாத்திரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் மத்திய அரசுக்காக நடத்தி, 2019-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 1.08 சதவீதம் பேர், அதாவது சுமார் 1 கோடியே 18 லட்சம் பேர், மருத்துவர் சொல்லாமல் தூக்க மாத்திரை வகைகளை எடுக்கிறார்கள் என்றது அது. மார்பின் குடும்பத்து வலி மருந்துகளைத் தவறாக எடுப்பவர்கள் கிட்டத்தட்ட ஒரு சதவீதம். இத்தனை பேருக்கும் கூரியரிலா வந்திருக்கும்?

வீடு

பெரியவர் லாரிக்கு லோடு ஏற்றுகிறவராக இருந்தவர். வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பழக்கம். வாய்ப்புற்று, தாடை எலும்பு வரை போயிருந்தது. கதிர்வீச்சு முடிந்த பிறகு இனி வலியைக் குறைப்பதுதான் செய்ய முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். வலிநிவாரண மையம் ஒன்றிலிருந்து மாதாமாதம் மார்பின் மாத்திரை வந்தது. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 மணிக்கு இரட்டை அளவு. மார்பினின் வேலை நான்கு மணி நேரம்தான் நிற்கும். நடுராத்திரி எழுப்பாமல் இருக்கத்தான் கடைசி வேளையை இரட்டிப்பது. இரவில் பதற்றம் இருந்ததால் அல்பிரசோலமும் எழுதியிருந்தார்கள்.

இந்த ஆய்வைப் படிப்பவர்கள் ஒன்றை முதலிலேயே மனதில் வைக்க வேண்டும். அந்த மாத்திரை இல்லையென்றால் அந்த மனிதர் கத்திக் கத்தியே செத்திருப்பார். மார்பின் தொடங்கிய வாரத்தில் அவர் திண்ணையில் வந்து உட்கார்ந்தார், கஞ்சி குடித்தார், பேரனோடு கபடி பற்றிப் பேசினார். அப்பத்தா இதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். மருந்து தன் வேலையைச் சரியாகச் செய்தது. எழுதிய மருத்துவரும் சரியாகத்தான் எழுதினார்.

அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அப்பா மினி லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் மாத்திரை கொடுக்கும் பொறுப்பு அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த தம்பியிடம் வந்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கட்டம் போட்டு, வேளைக்கு ஒரு டிக் அடித்துவைத்திருக்கிறான். நானே புரட்டிப் பார்த்தேன். ஒரு வேளைகூட விட்டுப்போகவில்லை. பரீட்சை நாட்களில் மட்டும் மதிய டிக் வேறு பேனாவில், கோணலாக இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா அடித்தது. கடைசி டிக், பெரியவர் இறப்பதற்கு முந்தைய இரவு பத்து மணிக் கட்டத்தில். அதற்குப் பிறகு நோட்டில் ஒன்றுமில்லை.

பெரியவரின் பாயையும் தலையணையையும் எரித்தார்கள். வேட்டி துண்டெல்லாம் கொடுத்துவிட்டார்கள். கட்டிலைக் கழுவி வெளியே சாத்தினார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டுக்கு வெள்ளையும் அடித்தாயிற்று. மாத்திரை இருந்த மஞ்சப்பை மட்டும் ஆணியிலிருந்து இறங்கி, வெள்ளை காய்ந்ததும் அதே ஆணிக்குத் திரும்பிவிட்டது. ஏன் என்று கேட்டேன். “காசு குடுத்து வாங்குனதும் இருக்கு மேடம், யாருக்காச்சும் உதவும்ல” என்றார் அம்மா. எந்த வீட்டில் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். துக்கத்துக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் தன் மாமியார் மூட்டுவலிக்கு என்று, மார்பின் குடும்பத்து வலி மருந்தான டிரமடால் அட்டை ஒன்றைக் கேட்டே வாங்கிப் போயிருக்கிறார். அதைத் தப்பென்று அங்கே யாரும் நினைக்கவில்லை, கொடுத்தவரும் சரி, வாங்கியவரும் சரி.

மாதாமாதம் வந்த குழு, பெரியவர் இறந்த தகவல் போனதும் வருவதை நிறுத்திக்கொண்டது. நோயாளி இல்லாத வீட்டுக்குப் போக அவர்கள் பட்டியலில் இடமில்லை. மிச்ச மாத்திரையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னதாக அப்பாவுக்கு லேசான நினைவு. துக்க வீட்டில் அதை யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

பைக்குள்

ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி வீடு திரும்பிய பிறகு, குடும்பத்தையே சுற்றி உட்காரவைத்துப் பையைப் பாயில் கொட்டினோம். ஸ்கேன் கவர், ஓ.பி. சீட்டுகள், இவற்றுக்கு நடுவே மாத்திரைகள். மார்பின் அட்டைகள், பாதி காலி. அல்பிரசோலம் அட்டைகள், எல்லாம் காலி. நோயின் தொடக்கத்தில் எழுதிய டிரமடால். மலச்சிக்கலுக்குக் கொடுத்த பைசகோடில். புண் நாற்றத்துக்காகப் பொடித்துத் தூவிய மெட்ரோனிடசோல். மூடி ஒட்டிக்கொண்ட லாக்டுலோஸ் பாட்டில். கோடீன் கலந்த இருமல் மருந்து, கால் பாட்டில். தம்பிக்குப் பல்வலி வந்தபோது வாங்கி, மூன்று நாளில் நிறுத்திய அமாக்சிசிலின். இவற்றோடு அப்பத்தாவுக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கும் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை. எல்லாம் ஒரே பையில்.

அப்பத்தா தன் மாத்திரையை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறார் என்று கேட்டேன். “சின்ன வெள்ளை வட்டம் பிரசருக்கு” என்றார். பாயில் கிடந்த சின்ன வெள்ளை வட்டங்களைப் பிரித்து அடுக்கிக் காட்டினேன், நாலைந்து வகை இருந்தது. அதில் ஒன்று மார்பின். தம்பிக்கு வந்த ஆபத்து எந்த இரவிலும் அப்பத்தாவுக்கும் வந்திருக்கலாம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பாதி அட்டைகளில் மருந்தின் பெயரே இல்லை. கடையில் ஐந்து, ஆறு என்று கத்தரித்துக் கொடுக்கும்போது பெயரும் காலாவதி தேதியும் இருந்த பக்கம் கடையிலேயே தங்கிவிட்டது. பெயரில்லாத மாத்திரையை என்ன செய்வதென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கத்தரித்து வாங்குவதைத் தவிர்க்க முடியாத வீடுகள் உண்டு, காசு அப்படி. அப்போது பெயரும் தேதியும் உள்ள பக்கத்திலிருந்து வெட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம். பெரும்பாலான மெடிக்கல்காரர்கள் கொடுத்துவிடுவார்கள்.

தொடங்கியது எப்படி

தாத்தா இறந்த பிறகு தம்பி தூங்கவில்லை. இரவு பத்து மணியானால் எழுந்து உட்கார்ந்துவிடுவான். மாத்திரை கொடுக்கும் நேரம் அது. ஆறேழு மாதம் உடம்பு பழகிய நேரம். “ராத்திரி பூரா முழிச்சே இருந்தான் மேடம். தாத்தாவுக்குக் குடுத்ததுதானே, அதுலயும் பாதிதானேன்னு நான்தான் குடுத்தேன்” என்றார் அம்மா. இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவைக் குற்றவாளியாக்குவது இந்த ஆய்வின் வேலை இல்லை. தூக்கமில்லாமல் தவிக்கும் பிள்ளைக்கு, வீட்டில் பலன் தெரிந்த மருந்தைக் கொடுத்திருக்கிறார். காய்ச்சலுக்குப் பாரசிட்டமாலை அண்ணன் தம்பி பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தில் வளர்ந்தவருக்கு, அல்பிரசோலம் வேறு ஜாதி மருந்து என்று யாரும் சொல்லித் தரவில்லை.

அல்பிரசோலம் வேகமாக வேலை செய்து வேகமாக இறங்கும் மருந்து. தினமும் எடுத்தால் சில வாரங்களிலேயே உடம்பு அதைக் கேட்கத் தொடங்கிவிடும். தம்பிக்கு அதுதான் நடந்தது. பாதி, முழுசானது. பிறகு அம்மாவிடம் கேட்பதை நிறுத்தினான். எடுக்காத நாளில் கை நடுங்கியது, வேர்த்தது, முன்னைவிட மோசமாகத் தூக்கம் போனது. தனக்கு நரம்புத் தளர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அது மருந்து விலகும்போது வரும் நடுக்கம் என்பது அவனுக்குத் தெரிய வழியில்லை. “அதப் போட்டா தாத்தா நெனப்பு வராது” என்று ஒருமுறை சொன்னான். போதை, ஜாலி என்ற சொற்களையெல்லாம் அவன் ஒருதரம்கூடச் சொல்லவில்லை.

அட்டை தீரத் தொடங்கியபோது பையிலிருந்த மற்றதைப் பார்த்தான். தாத்தா வலி மாத்திரை போட்டதும் அயர்ந்து தூங்கியது அவன் கண்ணால் பார்த்த விஷயம். நோட்டில் எழுதியவனே அவன்தானே, அளவும் தெரியும். தப்பு அங்கேதான். தாத்தாவின் அளவு, மாதக்கணக்கில் படிப்படியாக ஏற்றி அவர் உடம்பு பழகிய அளவு. அதே அளவு, மார்பினே தொடாத உடம்புக்கு மூச்சை நிறுத்தும் அளவாகலாம். அதோடு அல்பிரசோலம் சேர்ந்தால் ஆபத்து இரண்டு மடங்கில் நிற்காது. இரண்டுமே மூளையில் மூச்சைக் கவனிக்கும் பகுதியை மட்டுப்படுத்துகிறவை.

இடையில் கபடியில் முட்டி பிசகிய நண்பனுக்கு மார்பின் மாத்திரை சிலவற்றைக் கொடுத்தும் இருக்கிறான். காசு வாங்கவில்லை. அவன் அம்மா அவனுக்கு எப்படிக் கொடுத்தாரோ அப்படித்தான் அவனும் கொடுத்தான். நல்லவேளை, அந்தப் பையன் ஒன்றைப் போட்டு வாந்தி எடுத்ததும் மிச்சத்தைத் தொடவில்லை.

அந்த இரவு

அன்று இரவு அம்மா ஒரு மணி வாக்கில் எழுந்தபோது தம்பி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். ஆழமான, தொண்டையில் தண்ணீர் கரகரப்பது போன்ற குறட்டை. பிள்ளை நன்றாகத் தூங்குகிறான் என்று நிம்மதியாகப் போய்ப் படுத்திருக்கிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். மார்பின் வகை மருந்து அளவு மீறும்போது வரும் மிக முக்கியமான அறிகுறிகளில் ஒன்று இந்தக் குறட்டை. வழக்கமாகக் குறட்டை விடாதவர் இப்படிக் கரகரவென்று விட்டால், உடனே எழுப்பிப் பார்க்க வேண்டும். தோளைத் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எழவில்லை என்றால் 108. கண்மணி குண்டூசி முனையளவுக்குச் சுருங்கியிருக்கும், மூச்சு மெதுவாக, விட்டுவிட்டு வரும், உதடும் நகமும் நீலம் பாரிக்கும். ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வாயில் தண்ணீர், மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் ஊற்றக் கூடாது, எல்லாம் நுரையீரலுக்குப் போய்விடும். மூச்சே நின்றுவிட்டால் 108-ல் போன் எடுப்பவர் சொல்லச் சொல்லச் செய்ய வேண்டும்.

காலை ஆறு மணிக்கு அவன் உதடு கறுத்திருந்தது. அப்பா போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தயங்கியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், போலீஸ் வரும், படிக்கிற பையன் வாழ்க்கை போய்விடும் என்ற பயம். அப்பத்தாதான் சத்தம் போட்டிருக்கிறார், “உசிரு இருந்தாத்தானடா கேசு” என்று. அந்த ஒரு வாக்கியம்தான் அவனைக் காப்பாற்றியது என்பேன்.

அந்தப் பயத்துக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் பதிவு செய்வார்கள், விசாரிப்பார்கள், உண்மை. ஆனால் சிகிச்சைக்குத் தானாக முன்வரும் போதைப் பழக்கத்தினருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பளிக்கும் 64ஏ என்ற பிரிவு போதைப்பொருள் சட்டத்திலேயே இருக்கிறது. தற்கொலை முயற்சியாகவே இருந்தாலும், 2017-ம் ஆண்டின் மனநலச் சட்டம் அதைக் கடும் மன அழுத்தத்தில் செய்ததாகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. ஆகவே தயங்க வேண்டாம்.

மதுரையில் நலாக்சோன் ஊசி போட்டார்கள். மார்பினைத் தன் இடத்திலிருந்து விலக்கி மூச்சைத் திருப்பித் தரும் மருந்து அது. சில நிமிடத்தில் கண் திறந்தான். ஆனால் நலாக்சோனின் வேலை மார்பினுக்கு முன்பே தீர்ந்துவிடும், திரும்பவும் மயக்கம் வரலாம். கண் திறந்துவிட்டான், வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த சொந்தக்காரர்களைச் சமாளித்து, மறுநாள் வரை வைத்துப் பார்த்தார்கள். பிறகு மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் நான் அவனை முதலில் பார்த்தேன்.

கணக்கு விட்ட இடம்

சட்டத்தில் இந்த மருந்துகளுக்குக் காவல் குறைவில்லை. அல்பிரசோலமும் டிரமடாலும் மருந்து விதிகளின் ஷெட்யூல் எச்1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. 2014 மார்ச் 1 முதல், இவற்றை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். டிரமடாலை 2018-ல் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும் கொண்டுவந்தார்கள். மார்பினுக்கு இன்னும் கடுமை, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் வழியாகத்தான் வரும், அங்கே ஒவ்வொரு மாத்திரைக்கும் கணக்கு. தயாரிக்கும் இடத்திலிருந்து நோயாளி கைக்கு வரும்வரை எழுதாத இடமில்லை.

வீட்டு வாசலைத் தாண்டியதும் அந்தக் கணக்கு நின்றுவிடுகிறது. இந்த வீட்டிலோ அங்கேயும் நிற்கவில்லை, ஒரு பள்ளிக்கூடப் பையன் நாற்பது பக்க நோட்டில் அதைத் தொடர்ந்தான். தாத்தா இருந்தவரை ஒரு மாத்திரைகூடக் காணாமல் போகவில்லை, தம்பி ஒன்றைக்கூடத் தொடவில்லை. இத்தனைக்கும் பை அதே ஆணியில், பூட்டில்லாமல்தான் தொங்கியது. அப்போது அவை தாத்தாவின் மாத்திரைகள். அவர் போன பிறகு அவை யாருடையவையும் இல்லை. யாருடையதும் இல்லாததை எடுத்தால் எடுத்ததாகவே தோன்றாது. உறவுக்காரருக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை, தம்பிக்கும் தோன்றவில்லை.

பூட்டைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறோம். என் கருத்தில் எண்ணிக்கைதான் முதலில். வாரத்துக்கு ஒருநாள் எண்ணி எழுதும் வீட்டில் நாலு மாத்திரை குறைந்தால் அந்த வாரமே தெரிந்துவிடும். எண்ணாத வீட்டில் பூட்டு இருந்தும் பயனில்லை. சாவி சாமி படத்துக்குப் பின்னால் இருப்பது வீட்டில் உள்ள எல்லாருக்கும் தெரியும்.

என்ன மாற்றினோம்

தம்பிக்கு அல்பிரசோலத்தை ஒரேயடியாக நிறுத்த முடியாது, நிறுத்தினால் வலிப்பு வரலாம். மனநல மருத்துவர் டயஸெபாமுக்கு மாற்றி, வாரக்கணக்கில் குறைத்துக்கொண்டே வந்தார். ஆக, அதே வகை மருந்து அதே வீட்டுக்குத் திரும்பவும் வரப்போகிறது. அம்மா பயந்துவிட்டார், “வேணாம் மேடம், அந்த எழவு வீட்டுக்குள்ளயே வேணாம்” என்றார். ஒரு வாரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டோம். மிச்சம் சேராமல் இருக்க இதைவிட எளிய வழியில்லை. சாதாரண நோய்களுக்கும் இதையே சொல்வேன்: பல் பிடுங்கியதற்கு எழுதும் வலி மாத்திரையை மூன்று நாளைக்கு மட்டும் வாங்குங்கள், தேவையென்றால் திரும்பப் போகலாம்.

பெரியவரின் தகரப் பெட்டி ஒன்று பரணில் கிடந்தது. அதற்கு ஒரு சின்னப் பூட்டு போட்டோம். இரண்டு சாவியில் ஒன்று அம்மாவின் முந்தானை முடிச்சில், ஒன்று அப்பாவின் பர்ஸில். பெட்டியை எங்கே வைப்பது என்று பேசினோம். பிரிட்ஜ் மேலே என்றார் அப்பா. அங்கே சூடு ஏறும். சித்திரை, வைகாசியில் நம் பக்கம் ஓட்டு வீட்டுக்குள்ளேயே வெக்கை தாங்காது; பெரும்பாலான மாத்திரைகளை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று அட்டையிலேயே போட்டிருக்கும். அடுப்படியும் ஆகாது. கடைசியில் நடு அறை பீரோவின் கீழ்த் தட்டுக்குப் போனது. அப்பத்தாவின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் தனி டப்பாவில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில். சர்க்கரை மாத்திரை ஒன்றைச் சின்னப் பிள்ளை மிட்டாய் என்று விழுங்கினால்கூட ரத்தச் சர்க்கரை இறங்கி உயிருக்கு ஆபத்தாகலாம். லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வரும் வீடு அது.

நோட்டை யார் எழுதுவது என்றபோது தம்பியே எழுதட்டும் என்றார் அப்பத்தா. எனக்கு அதில் தயக்கம் இருந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மாத்திரையை எடுத்துக் கொடுப்பது அம்மா, ஞாயிற்றுக்கிழமை எண்ணுவது அப்பா, எழுதுவது தம்பி என்று முடிவானது. அவனை நம்பாமல் சாவியைப் பறித்துக்கொண்டார்கள் என்று அவனுக்குத் தோன்றக் கூடாது.

எங்கே கொண்டுபோய்ப் போடுவது

மிச்ச மார்பினை எண்ணி, அப்பாவையும் கூட்டிக்கொண்டு அது வந்த மையத்திலேயே கொடுத்தோம். எண்ணிக்கையைச் சரிபார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துக்கொண்டார்கள். நண்பனிடம் இருந்ததும் அதில் சேர்ந்தது.

டிரமடாலை அது வாங்கிய கடையில் திருப்பி வாங்கவில்லை. இங்கே மத்திய மருந்துத் தரக்கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் கைகொடுத்தது. வேறொருவர் கையில் சிக்கினால் ஒரே வேளையில்கூட உயிரைப் பறிக்கக்கூடிய 17 மருந்துகளை அது பட்டியலிடுகிறது. மார்பின், ஃபென்டனில், டிரமடால், டேபென்டடால், டயஸெபாம் எல்லாம் அதில் உண்டு. மிச்சமானால் இவற்றைக் குப்பையில் போடாமல் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விடச் சொல்கிறது. தண்ணீர் கெட்டுப்போகாதா என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. கொஞ்சம் கெடத்தான் செய்யும். ஆனால் வீட்டில் ஒரு பிள்ளை எடுத்துவிடும் ஆபத்தோடு ஒப்பிட்டுத்தான் இந்தச் சில மருந்துகளுக்கு மட்டும் விலக்கு. திருப்பி வாங்க ஆள் இருந்தால் திருப்பிக் கொடுப்பதே மேல்.

வலிக்கு ஒட்டும் ஃபென்டனில் பட்டை வைத்திருக்கும் வீடுகள் இதைவிடக் கவனமாக இருக்க வேண்டும். மூன்று நாள் ஒட்டிக் கழற்றிய பட்டையிலும் மருந்து கணிசமாக மிச்சமிருக்கும். தரையில் விழுந்ததை எடுத்துக் குழந்தை கையில் ஒட்டிக்கொண்டாலோ வாயில் வைத்தாலோ ஆபத்து. பசைப் பக்கம் உள்ளே வரும்படி மடித்து ஒட்டி, உடனே அப்புறப்படுத்திவிட வேண்டும்.

மெட்ரோனிடசோல், அமாக்சிசிலின் மாதிரி மற்றவற்றைக் கழிப்பறையிலோ, கண்மாயிலோ, கிணற்றிலோ போடவே கூடாது. ஆன்டிபயாடிக் தண்ணீரில் கலந்தால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். குப்பையோடு சேர்த்துக் கொளுத்துவதும் ஆகாது, அட்டையின் பிளாஸ்டிக் எரிந்து வரும் புகை நஞ்சு. 2016-ம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் காலாவதி மருந்து, ஊசி, பேட்டரி எல்லாவற்றையும் வீட்டு அபாயக் கழிவு என்று வகைப்படுத்தின. மக்கும் குப்பை, மக்காத குப்பை இரண்டிலும் சேராமல் மூன்றாவதாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லின. நான் போகிற ஊர்களில் இரண்டு கூடையைத்தான் பார்க்கிறேன், மூன்றாவதைப் பார்க்க முடிவதில்லை. அதனால் நாங்கள் செய்தது இது: மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பழைய டீத்தூளும் மண்ணும் கலந்து பிசைந்து, பழைய பாட்டிலில் அடைத்து, ‘காலாவதி மருந்து’ என்று எழுதி ஒட்டி, தூய்மைக் காவலர் அக்காவிடம் கையில் கொடுத்துச் சொன்னோம். அவர் தனியாக வைத்துக்கொண்டார். பிரிக்காமல் அட்டையோடு போட்டால், குப்பையில் பொறுக்கும் பிள்ளைகள் கைக்கோ, மேயும் மாட்டின் வாய்க்கோ போகும். காலி அட்டைகளையும் சீட்டுகளையும் போடும்போது பெயர் இருக்கும் இடத்தைக் கிழித்துவிட்டோம்.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் 2025-ல் கோழிக்கோட்டில் ‘என்ப்ரௌட்’ என்ற பெயரில், வீடுகளில் மிச்சமாகும் மருந்தைச் சேகரித்து, உரிய உலையில் எரிக்கும் ஏற்பாட்டை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே தொடங்கியது. மதுரையில் எத்தனை மெடிக்கல்கள் இருக்கின்றன! பெரியாஸ்பத்திரியைச் சுற்றி மட்டும் நடந்து பார்த்தாலே தெரியும். வார்டுக்கு ஒரு கடை வாசலில் பூட்டிய பெட்டி வைத்தால் போதும். பையை மறுபடி ஆணியில் மாட்டத் தேவை இருக்காது.

பயம் வேறு பக்கம் திரும்பியது

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஊரில் நடந்தது எனக்குத் தம்பியின் நிலையைவிடக் கவலை தந்தது. அதே தெருவில் மார்பகப் புற்று எலும்புக்குப் பரவிய ஒரு அம்மாவுக்கு மார்பின் எழுதினார்கள். வீட்டுக்காரர் வாங்க மறுத்துவிட்டார். “போதை மாத்திரை, அந்தப் பையன் கதி தெரியும்ல” என்றாராம். அந்த அம்மா ராத்திரி முனகும் சத்தம் தெருவுக்கே கேட்டது. அப்பத்தாவுக்கும் முட்டிவலிக்கு எழுதிய மாத்திரையை வீட்டில் நிறுத்திவிட்டார்கள்.

இந்த நாடு ஏற்கனவே ஒருமுறை இப்படிப் பயந்து பார்த்திருக்கிறது. 1985-ல் போதைப்பொருள் சட்டம் வந்தபோது உரிமம் வாங்கும் சிக்கலில் ஆஸ்பத்திரிகள் மார்பின் வைத்திருப்பதையே கைவிட்டன, புற்றுநோயாளிகள் வலியோடு செத்தார்கள். அதைச் சரிசெய்யத்தான் 2014-ல் சட்டத்தைத் திருத்தி, மார்பின் உள்ளிட்ட மருந்துகளை அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று வகைப்படுத்தி வழியை எளிதாக்கினார்கள். வலிக்காக, மருத்துவர் சொன்ன அளவில் மார்பின் எடுக்கும் புற்றுநோயாளி அதற்கு அடிமையாவது அரிது. உடம்பு பழகும், அதைப் படிப்படியாகக் குறைத்தால் போதும்.

அந்த வீட்டுக்கு நான் தனியாகப் போகவில்லை, அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போனேன். திண்ணையில் உட்கார்ந்து கஞ்சி குடித்த கதையை அவர் வாயால் சொன்னார். நான் பெட்டி, பூட்டு, நோட்டு மூன்றையும் சொன்னேன். மருந்தைத் தள்ளிவைக்காதீங்க, மிச்சத்தைத் தள்ளிவைங்க என்றேன். உடனே ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வாங்கிவிட்டார்கள்.

இப்போது

தம்பி டயஸெபாமை முழுக்க நிறுத்திவிட்டான், இரண்டாம் ஆண்டில் இருக்கிறான். தூக்கம் இன்னும் சில நாள் தள்ளிப்போகிறது. அப்படி வரும் இரவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு ஒருமுறை பேசியதாகச் சொன்னான், தமிழிலேயே பேசினார்களாம். மாத்திரைப் பழக்கத்திலிருந்து வெளிவர உதவி தேடுபவர்களுக்கு 14446, தவறாக எதையாவது விழுங்கிவிட்டால் ஆலோசனைக்கு தேசிய நச்சுத் தகவல் மையத்தின் 1800 116 117 என்ற எண்களையும் தகரப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறான்.

டிரமடால் வாங்கிப் போன உறவுக்காரரிடம் அப்பா கேட்டார். தீர்ந்துவிட்டது என்றார்கள். அந்த மாமியாருக்கு முட்டிக்குச் சரியான சிகிச்சை கிடைக்கத் திருமங்கலம் அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லியிருக்கிறோம்.

வலிநிவாரணக் குழு தன் பட்டியலில் ஒரு வரி சேர்த்திருக்கிறது. நோயாளி இறந்தால், காரியம் முடிவதற்குள் ஒருவர் துக்கம் விசாரிக்கப் போக வேண்டும். போகிறவர் குடும்பத்தோடு உட்கார்ந்து மிச்ச மாத்திரையை எண்ணி, சீட்டு கொடுத்து வாங்கி வர வேண்டும். மற்ற மருந்துகளுக்குத்தான் இன்னும் போக்கிடம் இல்லை. மூன்றாவது கூடை கேட்டு ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறோம். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் தானே எழுந்து கேட்பதாக அப்பத்தா சொல்லியிருக்கிறார்.